அம்மாவின் கைக்கு எட்டுகிற தண்ணீர்

பக்கவாதம் வந்து போனதிலிருந்து அம்மாவின் வலது கை பின்பக்கம் திரும்பாது. நடக்கிறார், சாப்பிடுகிறார், இடது கையால் எழுதக்கூடப் பழகிவிட்டார். கழிவறையில் மட்டும் இன்னொருவர் துணை வேண்டும். அது தன்னை எவ்வளவு வாட்டுகிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பகலில் தண்ணீர் குடிப்பதையே அவர் குறைத்துக்கொண்டதைக் கவனித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குளியலறையை இடித்துப் புதுப்பிக்கும்போது பிடே, அதாவது கையால் தொடாமலே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் அமைப்பு, வைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஜப்பானின் டோட்டோ நிறுவனம் வாஷ்லெட் என்ற பெயரில் தன் பிடே இருக்கையை அறிமுகப்படுத்தியது 1980-ல். அதற்கும் முன்பு, 1964 வாக்கில், நோயாளிகளுக்கென்று அமெரிக்காவில் செய்த இருக்கையை அவர்கள் இறக்குமதி செய்து விற்றிருக்கிறார்கள். ஆக, இது சொகுசுக்காகப் பிறந்த பொருள் அல்ல. அம்மா மாதிரி ஒருவருக்காகத்தான் முதலில் யாரோ யோசித்திருக்கிறார்கள். தண்ணீரின் சூடு 38 டிகிரி, குழாய் நீட்டும் கோணம் 43 டிகிரி என்று ஊழியர்களையே உட்காரவைத்துச் சோதித்து முடிவு செய்தார்களாம். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கமோடும் உண்டு, சாதாரண கமோடின் மேல் பொருத்துகிற இருக்கையும் உண்டு. நான் இருக்கையைத்தான் எடுத்தேன். பீங்கான் பல காலம் உழைக்கும், மின்சாதனம் அப்படி இல்லை. பழுதானால் இருக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் சாதாரண ஃப்ளஷ் தொட்டி வேலை செய்யும்.

உயரத்தில்தான் ஏமாறப் பார்த்தேன். முதியவர்களுக்கு உயரமான கமோடு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடித்தேன். 41 சென்டிமீட்டர். உயரமான கமோடின் மேல் இந்த இருக்கையும் ஏறினால் அவர் கால் தரையில் ஊன்றாது. கால் ஊன்றாவிட்டால் எழுந்திருக்க முடியாது. அதனால் தாழ்வான கமோடாகத் தேடி வாங்கினேன்.

அப்புறம் தண்ணீர். எங்கள் மாடலுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் தேவை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரம் இருந்தால் 1 பார் கிடைக்கும். அப்படியானால் 5 மீட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் அளந்தால் 4 மீட்டர்கூட இல்லை. சின்ன பிரஷர் பம்ப் ஒன்று சேர்க்க வேண்டியதாயிற்று. இதைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வில் இரண்டாகப் பிரிக்கும் 'T' இணைப்பு ஒன்று போட்டு, ஒரு ஹோஸ் ஃப்ளஷ் தொட்டிக்கு, இன்னொன்று இருக்கைக்கு. பிளக் பாயிண்டில்தான் தவறு நடந்துவிட்டது. சுவரில் பாயிண்ட் எடுத்தது கமோடுக்கு வலதுபக்கம். பெட்டியைப் பிரித்தால் ஒயர் இடதுபக்கம் வருகிறது, நீளமும் போதாது. ஈரமான இடத்தில் எக்ஸ்டென்ஷன் போட எனக்கு மனம் வரவில்லை. ஒட்டிய இரண்டு டைல்ஸை உடைத்து, எர்த் சரிபார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டுப் புதிதாக எடுத்தோம். மாடலை முடிவு செய்து, ஒயர் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்த பிறகு சுவரைத் தொடுங்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

இருக்கையின் ஓரத்திலேயே பட்டன் இருக்கும் மாடல்களில் அது பெரும்பாலும் வலதுபக்கம்தான் வருகிறது. அதனால் ரிமோட் உள்ளதாக வாங்கினேன். ஆணி அடிக்கும் முன் ரிமோட்டைச் சுவரில் டேப்பால் ஒட்டி அம்மாவை உட்காரச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கீழே. ம், முன்னாடி. சரி, இங்கே." அவர் இடது கை இயல்பாக வந்து நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். நிறுத்தும் பட்டனில் சின்ன துணித்துண்டு ஒட்டிவிட்டேன், கண்ணாடி போடாமலே விரலுக்குத் தெரியும்.

முதல் நாள் கதவைத் தாழிடவில்லை. நான் வெளியே நின்றேன். குழாய் தன்னைக் கழுவிக்கொள்ளும் சத்தம், பிறகு தண்ணீர், பிறகு காற்று. மறுநாள் காலை உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.