33 கேள்விய பத்தாக்குற வேலை

சர்வேல ஆளுங்க உள்ளத சொல்றாங்களா, இல்ல நல்ல பேர் வாங்கறதுக்காக சொல்றாங்களான்னு பிடிக்கறதுக்குன்னே தனி கேள்வித்தாள் இருக்கு. அதுல ஒரு பழசு, ரொம்ப பேர் யூஸ் பண்றது, க்ரௌன், மார்லோன்னு ரெண்டு உளவியல்காரங்க 1960ல போட்டது, 33 கேள்வி, எல்லாமே சரி/தப்பு. ஆனா பெரும்பாலான ஸ்டடியில இது மெயின் அயிட்டம் கிடையாது, ஓரமா ஒட்டிக்கிட்டு வர்றது, அதனால ஃபார்ம் நீளமாயிடுச்சுன்னா எல்லாரும் முதல்ல கை வைக்கறது இதுலதான், "பத்தா குறைச்சு குடுங்களேன்"னு டேட்டா பாக்கற என்கிட்ட வந்து நிப்பாங்க.

குறைக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. மொத்த மார்க்கோட நல்லா ஒத்துப்போற பத்து கேள்விய பொறுக்கினா ஆல்பா, அதாவது கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்ற நம்பர், அழகா வரும், வில்லங்கமே அந்த அழகுலதான். ஒரே விஷயத்த மாத்தி மாத்தி கேக்கற கேள்விங்கதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், கோவம் வராது, எரிச்சல் படமாட்டேன், மன்னிச்சிடுவேன்னு மட்டும் மிச்சமிருந்தா அப்புறம் நாம அளக்கறது பொறுமைய. அப்படி பொறுக்காம கண்ண மூடிக்கிட்டு வெட்டினாலோ ஆல்பாவே சரிஞ்சிடும், 33 கேள்விக்கு 0.80 இருந்தா மூணுல ஒரு பங்கா 11 கேள்விக்கு, நீளம் மாறினா ஆல்பா என்னாகும்னு சொல்ற ஸ்பியர்மேன்-பிரவுன் கணக்குப்படி, 0.57தான்.

இன்னொண்ணு, 33ல 18க்கு 'சரி'ன்னா மார்க், 15க்கு 'தப்பு'ன்னா மார்க். யார் பேசினாலும் காது குடுத்து கேப்பேன்ங்கறதுக்கு 'சரி' போடறது இல்லாத பெருமைய சேத்துக்கறது, சில நேரம் வம்பு பேசுவேன்ங்கறதுக்கு 'தப்பு' போடறது இருக்கற குறைய மறைக்கறது, ரெண்டும் ஒண்ணு இல்ல. 'சரி' பக்கத்த மட்டும் வச்சா எதுக்கெடுத்தாலும் தலையாட்டற ஆளுக்கு சும்மாவே மார்க் ஏறும். ரெய்னால்ட்ஸ் 1982ல போட்ட 13 கேள்வி வெர்ஷன்ல 5 'சரி', 8 'தப்பு', அது பரவால்ல.

கார நல்லா செக் பண்ணாம தூரப் பயணம் போகமாட்டேன்னு ஒரு கேள்வி உண்டு. முன்னோட்டத்துல ஒருத்தர் கார் இல்லாமலேயே 'சரி' போட்டாரு, கேட்டா "இருந்தா கண்டிப்பா பாப்பேன் சார்"னாரு. அந்தக் கேள்வி எதுக்கு இருக்கோ அந்த வேலைய கச்சிதமா பண்ணிடுச்சு, ஆனாலும் கார் இருக்கறவங்க இல்லாதவங்க மார்க்க சேத்து ஒப்பிட முடியாதேன்னு அத தூக்கிட்டேன்.

சுருக்கின வெர்ஷனும் பழசும் 0.9க்கு மேல ஒத்துப்போகுதுன்னு பெருமையா எழுதுவாங்க, பத்து கேள்வியும் பழசுக்குள்ளயே உக்காந்திருக்கு, பின்ன ஒத்துப்போகாம என்ன செய்யும்? சின்னத தனியா புது ஆளுங்ககிட்ட குடுத்துப் பாக்கணும். அதனால யாராச்சும் பத்து கேட்டா 13ஐயே நீட்டிடறேன், இல்ல புதுசாத்தான் வேணும்னா தனி சாம்பிளுக்கு பட்ஜெட் இருக்கான்னு கேக்கறேன், பேச்சு பெரும்பாலும் அங்கயே நின்னுடுது.