காலுக்கும் ஒரு வேலை: பெடல் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ரிசப்ஷன்களுக்குப் பெரிய மெல்லிசைக் குழுவைக் கூப்பிடுவது குறைந்துகொண்டே வருகிறது. "மூணு பேர் வந்தா போதும்ணா, அக்கூஸ்டிக்கா பண்ணிடுங்க" என்கிறார்கள். கிடாருக்கு ஒரு தம்பி, பாட ஒரு பெண், தாளத்துக்கு நான். தபேலா, டோலக், தும்பா என்று இருந்தவன் இப்போது கஹோன் என்ற, மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்டும் மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கைதான் இருக்கிறது. குத்துப் பாட்டு வந்தால் அடியில் கனம் போதவில்லை. அதனால் இன்று காலால் மிதித்து அடிக்கும் ஒரு பழைய கஹோன் பெடல் வீட்டுக்கு வந்திருக்கிறது. முன்பு எங்களோடு டிரம்ஸ் வாசித்த அண்ணன் கொடுத்தது.

டிரம்ஸ் பெடல் இதற்குச் சரிப்படாது. அதில் சுத்தி நமக்கு எதிர்ப்புறமாகப் போய் அடிக்கும். கஹோனில் நாம் உட்கார்ந்திருப்பதே வாத்தியத்தின் மேல். அடிக்க வேண்டிய பலகை நம் கெண்டைக்கால்களுக்கு நடுவே இருக்கிறது. அதனால் இந்தப் பெடலை இரண்டு துண்டாகச் செய்திருக்கிறார்கள். மிதிக்கும் பலகை வலது பக்கம், சுத்தி பெட்டிக்கு முன்னால், நடுவில் சைக்கிள் பிரேக்கில் இருப்பது போன்ற உறைபோட்ட கம்பி. கம்பி சட்டென்று மடங்கினால் உள்ளே உரசி, சுத்தி ஒரு நொடி சோம்பேறித்தனம் காட்டுகிறது. பெரிய வளைவாக விட்டால் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

டைல்ஸ் தரையில் மிதிக்க மிதிக்கப் பெடல் முன்னால் ஓடுகிறது. பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, பெட்டியையும் பெடலையும் அதன் மேலேயே வைத்துவிட்டேன். என் எடையே ஜமுக்காளத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கீழ்வீட்டுப் பாட்டி மாடியேறி வந்து, "ஏம்ப்பா, மாவு இடிக்கிறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இனி மாலை ஏழு மணிக்கு மேல் வாசிப்பு கிடையாது.

ஜூன் 14, சனி

இன்று முழுக்கக் கெஹர்வா, தபேலாவின் எட்டு மாத்திரைத் தாளம். தா கே ந தி, ந க தி ந. நம் சினிமாப் பாட்டில் முக்கால்வாசி இந்த எட்டுக்குள் அடங்கிவிடும். தபேலாவில் முதல் 'தா', அடுத்த 'கே', ஏழாவது இடத்து 'தி' மூன்றிலும் இடது கையின் கும்கி, அதாவது கனத்த அடி, பேசும். பெடல் வந்த பிறகும் அதே மூன்றைக் கையாலும் அடித்தால் சத்தம் குழம்புகிறது. கால் போடும் அடியும் கை போடும் அடியும் ஒரே பலகையில் விழுகின்றன. கொஞ்சம் முன்பின்னானாலும் ஒரு கனமான அடிக்குப் பதில் இரண்டு நொண்டி அடி கேட்கும்.

ஆகவே 'தா'வும் 'தி'யும் காலுக்கு. 'கே'யை யாருக்கும் கொடுக்கவில்லை, அந்த இடம் காலி. இடது கை மேல் விளிம்பில் விரல் நுனியால் தட்டுகிறது. பெடல் பழகுவது என்றால் காலைப் பழக்குவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காலுக்கு ஒரு வாரம் போதும். முரண்டு பிடிப்பது இடது கைதான். இத்தனை வருஷம் அடி போட்ட கை, சும்மா இரு என்றால் இருக்குமா?

இன்னொன்று. டிரம்ஸில் சுத்தியைத் தோலிலேயே அழுத்தி நிறுத்துவார்கள், சத்தம் கட்டையாக, கச்சிதமாக வரும். அங்கே அந்தத் தோலைக் கை தொடாது. இங்கே சுத்தி பலகையில் ஒட்டி நின்றால் அடுத்து கை போடும் 'ந' மூச்சுமுட்டிப்போகிறது. மிதித்த உடனே விட வேண்டும். வேண்டுமென்றே அழுத்திக்கொண்டு கையால் தட்டினால் சுருதி கொஞ்சம் மாறுவது தனி ருசி. குதிகாலைப் பலகையில் அழுத்தியபடி வாசிக்கும் பழைய கஹோன் உத்தியும் இதேதான்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். டிரம்ஸுக்குப் பெடல் வருவதற்கு முன்னால் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர். இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குச்சியால் மாறி மாறி அடிப்பார். 1909இல் சிகாகோவில் லுட்விக் என்ற டிரம்ஸ் கலைஞர் தன் பெடலுக்குக் காப்புரிமை வாங்கினார். முந்தைய பெடல்கள் அன்றைய துள்ளல் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. பெடல் பரவியதும் மேடையில் ஓர் ஆள் குறைந்தார். கஹோன் கதை வேறு. பெருவின் கடற்கரைப் பகுதியில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் சரக்குப் பெட்டியில் தட்டிப் பிறந்த வாத்தியம். 2001இல் பெரு அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஜூன் 22, ஞாயிறு

வலது கால் அடங்கிவிட்டது, இடது காலுக்கு ஆசை வந்துவிட்டது. கியூபாவின் ஒராசியோ எர்னாண்டஸ் இடது காலால் ஒரு கட்டையில் கிளாவே (கியூப இசையின் ஐந்தடித் தாளக்கட்டு) தட்டிக்கொண்டே மற்ற மூன்று உறுப்புகளாலும் டிரம்ஸ் வாசிப்பார். பார்த்தால் பொறாமையாக இருக்கும். தும்பா வாசிக்கிறவர்களுக்காகவே தரையில் வைக்கும் ஒரு தாங்கி விற்கிறார்கள். அதில் கட்டையையோ மணியையோ மாட்டி, சாதாரண டிரம்ஸ் பெடலால் அடிக்கலாம். தும்பா நமக்கு முன்னால் நிற்பதால் அங்கே கம்பி வேலை எதுவும் தேவையில்லை.

கிளாவேயை ஆங்கிலப் பாடத்தில் எண்களாக எழுதியிருந்தார்கள். மண்டையில் ஏறவில்லை. பதினாறு மாத்திரையாகப் பிரித்துப் பார்த்தேன்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கால் தட்டினால் முடிந்தது, சன் வகைக் கிளாவே! வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் கால் தப்புவதில்லை. வாயை மூடினால் மூன்றாவது சுற்றில் எங்கேயோ போய்விடுகிறது. ரிசப்ஷனில் இதை யாரும் கேட்கப்போவதில்லை, சரி, எனக்காக இருக்கட்டும். மேடைக்கு இடது கணுக்காலில் தங்கச்சியின் பழைய சலங்கையிலிருந்து ஒரு வரிசை கட்டிக்கொள்வதாக முடிவு. குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் தட்டினால் சுத்தமாக விழுகிறது. முழுக்காலைத் தூக்கினால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து வலது காலின் அடி பலவீனமாகிறது.

ஜூன் 28, சனி

முதல் மேடை, திருப்பூரில். பெட்டியின் பின்பக்கத் துளைக்கு ஒரு மைக், முன்பலகை விளிம்புக்கு ஒரு மைக். சவுண்ட்காரத் தம்பி பெடலைப் பார்த்துவிட்டுப் பின் மைக்கில் அடிச்சத்தத்தைத் தாராளமாக ஏற்றினார். உடனே மண்டபமே ஊளையிட்டது. குறைத்த பிறகு நன்றாக இருந்தது. மெலடிகளில் காலை எடுத்தே வைத்துவிட்டேன். கடைசி மூன்று பாட்டில் மட்டும் இறக்கினேன், மாப்பிள்ளையின் நண்பர்கள் எழுந்து ஆடினார்கள். நாலு மணி நேரத்தில் வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கல்லாகிவிட்டது. மிதிப்பதைவிட, பாதத்தைத் தூக்கிக் காத்திருப்பதுதான் வலி.

ஜூலை 2, புதன்

அடுத்த நிகழ்ச்சிக்குப் பேச வந்தவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "டிரம்ஸ் சத்தமும் நீங்களே குடுத்துடறீங்களே, அப்ப மூணு பேர் ரேட்டுதானே?" என்றார். மூன்றரை என்றேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த அரை ஆள் காசில் முதல் செலவாகப் பெடலுக்குப் புதுக் கம்பி வாங்க வேண்டும். பழையது உறைக்குள் பிசிறு விட ஆரம்பித்துவிட்டது.