குளிரில் மரத்துப்போன விரல்கள்

சென்ற ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பழகிய முதல் நாளே கால் விரல்கள் மரத்துப்போயின. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவள் நான். மார்கழிப் பனியைத் தாண்டிய குளிரை அறியாதவள். பயத்தில் இரண்டு பருத்திக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அவற்றுக்கு இடம் வேண்டுமென்று பெரிய பூட்ஸை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

இரண்டுமே தவறு. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம்தான் விரல்களைக் குளிரவைக்கிறது. பூட்ஸ் பெரிதானால் கால் உள்ளே நழுவும், கொக்கிகளை இறுக்குவோம், ரத்த ஓட்டம் குறையும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். பனிச்சறுக்குப் பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும். இரவில் பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்ளுறையைக் கழற்றி உலர்த்துவது மிக முக்கியம். மறுநாள் இப்படியே செய்தேன். மாலைவரை கதகதப்பு! அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்?

இந்த முறை தங்கை மகளும் வருகிறாள். நேற்று அவளைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்துப் பாதத்தை அளந்தேன். “கூசுகிறது பெரியம்மா” என்று சிரித்தாள். சரியாக 23 சென்டிமீட்டர். கடலூரிலோ புதுச்சேரியிலோ மெல்லிய கம்பளிக் காலுறை கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.