அலாரத்தை அரை அரை மணியாக முன்னுக்கு இழுத்த மூன்று வாரம்

விடுமுறையின் கடைசி வாரத்தில் பல வீடுகளில் ஒரு கட்டளை பிறக்கும்: "இன்னைக்கு ராத்திரியிலிருந்து பத்து மணிக்குப் படுக்கணும்." பிள்ளையும் பத்து மணிக்குப் படுக்கும். இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கும். மூன்றாம் நாள் கட்டளை காற்றோடு போய்விடும். இதில் பிள்ளையின் பிடிவாதம் எதுவும் இல்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு நன்றாக விழித்துக்கொண்டிருக்கும். அந்த வேளையில் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. படுக்கை என்றாலே புரளும் இடம் என்பதுதான் பழகிப்போகும்.

பதின்ம வயதில் தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சுரப்பதைவிடப் பிந்தித்தான் தொடங்கும். பள்ளி இல்லாத இரண்டு மாதம் அதை இன்னும் தள்ளிவிடும். அதனால் இரவை விட்டுவிட்டுக் காலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் கணக்கு. அலாரம் இல்லாமல் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது என்று மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்காக இல்லை, கணக்குக்காக. இரவு 2 மணிக்குத் தூங்கிக் காலை 10:30க்கு எழுகிறது, பள்ளி திறந்தால் 6 மணிக்கு எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி நாலரை மணி நேரம். இரண்டு நாளைக்கு அரை மணி வீதம் நகர்த்தினால் ஒன்பது படி, 18 நாள். இடையில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்து இரண்டு மூன்று நாள் வீணாகும். ஆக மூன்று வாரம்.

முதல் இரண்டு நாள் 10 மணிக்கு அலாரம். அடுத்த இரண்டு நாள் 9:30. இப்படியே இறங்கி வர வேண்டும். எழுந்த அரை மணிக்குள் வெளியே வெளிச்சத்தில் இருபது முப்பது நிமிடம் இருக்க வேண்டும். நடக்கலாம், மொட்டை மாடியில் சும்மா உட்காரலாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். வீட்டு விளக்கடியில் சில நூறு தேறினாலே அதிகம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உடம்பின் கடிகாரத்துக்கு வித்தியாசம் தெரியும்.

"எதற்கு இந்த ஊறுகாய் போடுகிற வேலை, முதல் நாளே ஆறு மணிக்கு எழுப்பிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் கோளாறு. உடம்பு வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் ஒரு புள்ளி உண்டு. இயல்பாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பு பட்டால் பின்னுக்குத் தள்ளும். 10:30க்கு எழும் பிள்ளைக்கு அந்தப் புள்ளி எட்டு மணியை ஒட்டி இருக்கும். ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பி வெயிலில் நிறுத்தினால், அந்த வெளிச்சத்தை அதன் உடம்பு முந்தின இரவோடு சேர்த்துக்கொள்ளும். அன்று முழுக்கத் தூங்கி வழியும், ராத்திரி ஆனால் பளிச்சென்று முழித்திருக்கும். மெதுவாகப் போகச் சொல்வது செல்லம் கொடுக்க அல்ல.

படுக்கும் நேரத்தை அதட்டாமல் பின்தொடர விடலாம். காலை அரை மணி முந்தினால் ஒன்றிரண்டு நாளில் தூக்கமும் அரை மணி முந்தி வரும். அதற்குத் துணையாக, படுக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே பெரிய விளக்கை அணைத்து மங்கலான ஒன்றைப் போடுங்கள். ஃபோன் வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். "அலாரமே அதில்தான் இருக்கு" என்ற பதில் வரும். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைத்தால் அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் பெரியவர்கள் நள்ளிரவு வரை ஃபோனோடு இருந்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எல்லாம் மதியத்தோடு சரி. இவற்றில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

திட்டம் உடைவது பெரும்பாலும் சனி, ஞாயிறில். இரண்டு நாளும் இழுத்துப் போர்த்தித் தூங்கினால் கடிகாரம் அரை மணி முக்கால் மணி பின்னால் போய்விடும், அதாவது ஒரு படி போச்சு. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் வரை கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பகலில் கண் சொருகினால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் தூங்கட்டும். மாலை ஆறு மணிக்குச் சோபாவில் சாய்ந்து எட்டு மணிக்கு எழுந்தால் அன்றைய இரவு போயிற்று. ஒரு படியில் சிக்கிக்கொண்டால் அதே நேரத்தில் இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள். அலாரத்தைப் பழைய நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடைசி வாரத்தில் அலாரம் ஏழு, ஆறரை, ஆறு என்று வந்திருக்கும். பள்ளி திறப்புக்கான மற்ற வேலைகளை இந்தக் காலைகளில் போட்டால் எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்கும். புதுப் பள்ளியோ கல்லூரியோ என்றால், பள்ளிக்குக் கிளம்பும் அதே நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். மதியம் ஆகும் பயண நேரத்தை நம்பிக் காலையைக் கணக்கிட்டால் முதல் நாளே தாமதம்தான். புது ஷூவைத் தினம் அரை மணி போட்டு நடக்கட்டும். வாங்குவதை மட்டும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். புத்தகப்பை உடல் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். 50 கிலோ பிள்ளைக்கு ஐந்திலிருந்து ஏழரை கிலோ. கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும்.

விடுதிக்குப் போகிற பிள்ளை என்றால் கண்மறைப்புத் துணியும் காதடைப்பானும் இந்த மூன்று வாரத்திலேயே பழகட்டும். அறைத்தோழர் விளக்கை எப்போது அணைப்பார் என்பது நம் கையில் இல்லை.

13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு மணிக்கு எழ, ஒன்பதரைக்குத் தூங்கினால் எட்டரை மணி நேரம் தேறும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மணிக்கு முன் தூக்கமே வரவில்லை என்றால், குறிப்பெடுத்த தாளோடு டாக்டரைப் பாருங்கள். கடிகாரம் மிகவும் பிந்தி ஓடும் தூக்கக் கோளாறு ஒன்று உண்டு. மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நேரம் தப்பிப் போட்டால் அதுவும் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.