ரெண்டு வருஷமா மஞ்சப்பைக்குள்ள கிடந்த ஸ்வெட்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தையல் மெஷினை நகர்த்தித் துடைச்சேன், வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதுக்கு அந்த பாக்கியம். பின்னாடி சுவத்தோரமா ஒரு மஞ்சப்பை. திறந்து பார்த்தா மெரூன் கலர் ஸ்வெட்டர், முன்பக்கம் இருக்கு, பின்பக்கம் இருக்கு, ஒரு கை இருக்கு. இன்னொரு கை இல்ல. பெரியவனுக்கு ஆறு வயசுல ஆரம்பிச்சது, இப்போ அவனுக்கு எட்டு முடிஞ்சிடுச்சு. அதுக்கு அடியில அம்மாவோட பழைய சுங்குடிச் சேலை, போர்வையா தைக்கிறேன்னு கோபிசெட்டிப்பாளையத்துல அம்மா வீட்டுல இருந்து வாங்கிட்டு வந்தது, மடிச்ச மடிப்பு கலையாம அப்படியே. அதுக்கும் அடியில ஒத்தைக் காலுக்கு மட்டும் பின்னின ஒரு சாக்ஸ், அதைப் பத்தி இப்போ பேச வேண்டாம்.

மெஷினுக்குப் பொட்டு வச்சு, பூ வச்சு, அந்தப் பையையும் அது மேலேயே வச்சுக் கும்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "இதுக்கும் பூஜையா, இது வேலைக்கே வர்றதில்லையே"ன்னார். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் விஜயதசமி, புதுசா எதுவும் ஆரம்பிக்கிறதில்ல, கிடக்கிறதை முடிக்கிறதுன்னு அன்னிக்கே ஊசியைக் கையில எடுத்துட்டேன்.

நாங்க இருக்கிறது குன்னூர். ஊட்டிக்கு ஆனி ஆடியில மழைன்னா எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைலதான் சரியான மழை. ஸ்வெட்டர் இல்லாம ஆகாதுதான், ஆனா கையால பின்னித்தான் போடணும்னு ஒண்ணும் இல்ல. ஊட்டி டிபெத்தியன் மார்க்கெட்ல வரிசையா தொங்குது, மெஷின்ல பின்னினது, நம்ம கை வேலைக்கு ஆகுற நூல் காசுக்கு அங்க ரெடிமேடே கிடைக்கும். அதனால பணம் மிச்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நிட்டிங் ஊசி மட்டும் எங்களுக்கு உள்ளூர்ச் சரக்கு, போனி ஊசி நம்ம கேத்தியில இருக்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியோடது. அங்க வேலை பார்த்தவங்க இந்தப் பக்கம் எந்தத் தெருவுலயும் ஒருத்தராவது இருப்பாங்க.

முதல்ல ஸ்வெட்டரோட உடம்புப் பகுதியை எடுத்துப் பெரியவன் முதுகுல வச்சுப் பார்த்தேன். சின்னதா போயிருக்கும், பிரிச்சுத்தான் ஆகணும்னு நினைச்சா, அட, கரெக்டா இருக்கு! எப்படின்னு யோசிச்சா அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 26 இஞ்ச் சுத்தளவுக்குன்னு கணக்குப் போட்டு ஒரு பக்கத்துக்கு 72 கண்ணி, அதாவது நூல் வளையம், ஊசியில ஏத்தினேன், 8-ம் நம்பர் ஊசியில 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும்னு நூல் லேபிள்ல போட்டிருந்தது. சாம்பிள் பின்னி அளந்து பார்க்கச் சொல்லுவாங்கல்ல, அதைச் செய்யல, சோம்பல். என் கை அப்போ லூசு, 20 கண்ணிதான் வந்திருக்கு, அதனால ஸ்வெட்டர் 28 இஞ்சுக்கு மேல போயிடுச்சு. அன்னிக்கு "பெருசா வந்துடுச்சே"ன்னு மனசு விட்டுப் போய்த்தான் மூட்டை கட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருஷத்துல பையன் அதுக்குள்ள வளர்ந்துட்டான். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பலனை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல.

சரி, ஒரு கைதானே பாக்கின்னு இன்னொரு கையைப் பின்ன ஆரம்பிச்சேன். அதே ஊசி, அதே நூல், பழைய நோட்டுல எழுதி வச்ச அதே எண்ணிக்கை, அடியில 40 கண்ணி, மேல போகப் போகக் கூட்டி 60. ஒரு வாரம் ஆச்சு. முடிச்சு ரெண்டு கையையும் பக்கத்துல வச்சா புதுசு அகலத்துல ஒரு இஞ்ச் கம்மி, நீளத்துலயும் கம்மி. ஊசி நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், 8 தான். மாறினது என் கை. இப்போ 22 கண்ணி வருது, லேபிள்ல போட்ட மாதிரியே, ரெண்டு வருஷம் கழிச்சு! எதனாலன்னு தெரியல, சின்னவ பொறந்ததுக்கு அப்புறம் எல்லாத்தையுமே இறுக்கிப் பிடிச்சுத்தான் செய்யறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார், அவருக்கு நக்கல்.

பழைய கை எப்படியும் இப்போ இவனுக்கு நீளம் பத்தாது. அதனால ரெண்டையும் பிரிச்சேன். மனசு கேட்கல, ஆனா பிரிக்கும்போது சர்ருசர்ருன்னு வரும் பாருங்க, அது ஒரு சுகம், பையனும் பொண்ணும் மாத்தி மாத்தி இழுத்தாங்க. பிரிச்ச நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும், அப்படியே பின்னினா மேடும் பள்ளமுமாத்தான் வரும். நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல வேற நூலால லூசா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, அடியில லேசா கனம் தொங்க விட்டுக் காய வச்சா நேராயிடும். இது அக்ரிலிக், அயர்ன் பண்ணி நேராக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க, சூடு பட்டா தொளதொளன்னு ஆகி செத்துப் போயிடும், திரும்ப உசிர் வராது, ஒரு தொப்பியை அப்படித்தான் கொன்னேன். காய வைக்கிறதுன்னு எழுத ஈசியா இருக்கு, ஐப்பசி மழையில குன்னூர்ல நாலு நாள் ஆகியும் ஈரம் போகல. கடைசியா அடுப்படியில கொடி கட்டிப் போட்டேன். காஞ்சது. சாம்பார் தாளிச்ச வாசத்தோட காஞ்சது.

இந்தத் தடவை ரெண்டு கையையும் ஒரே ஊசியில பக்கத்துப் பக்கத்துல ஏத்திட்டேன், ஆளுக்கொரு நூல் உருண்டை. 22 கண்ணி கணக்குக்கு 44-ல ஆரம்பிச்சு 66. என் கை இறுகினாலும் தளர்ந்தாலும் ரெண்டும் ஒண்ணாத்தானே இறுகும் தளரும்! நூல் பத்தலைன்னு கடைக்குப் போனா அதே கம்பெனி, அதே மெரூன், ஆனா சாயம் போட்ட லாட் நம்பர் வேற. கடைக்காரர் சேம்தாங்கன்னு அடிச்சுச் சொன்னார், வெளியில வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா ஒண்ணு மாதுளை, ஒண்ணு பீட்ரூட். எதுக்கு வம்புன்னு கடுகு மஞ்சள்ல ஒரு உருண்டை வாங்கி, மணிக்கட்டு பார்டரும் கழுத்தும் அதுல போட்டேன். வேணும்னே டிசைன் பண்ணின மாதிரியே இருக்கு, கேட்கிறவங்ககிட்ட அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்.

பின்னல்ல ஒரு நல்லது, பாதியில விடலாம். குக்கர்ல மூணு விசில் வர்றதுக்குள்ள ரெண்டு வரிசை ஓடும், ஸ்கூல் வேனுக்கு நிக்கும்போது ஒண்ணு, பொண்ணை மடியில படுக்க வச்சுட்டு ஒண்ணு. ஆனா வரிசை நடுவுல விடக்கூடாது, அது மட்டும் சட்டம். நான் ஒரு தடவை ரெண்டு கைக்கும் நடுவுல நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன், பால் பொங்குதுன்னு அத்தை கூப்பிட்டாங்க. திரும்பி வந்து எந்தப் பக்கம் போயிட்டிருந்தேன்னு தெரியாம திருப்பிப் பிடிச்சுப் பின்ன, இடது கையில ரெண்டு வரிசை ஜாஸ்தி. எட்டு வரிசை தாண்டித்தான் கண்ணுல பட்டுச்சு. பிரி. மறுபடியும் பின்னு.

மெஷின் வேலை அப்படி இல்ல. சாப்பாட்டு மேசையைக் காலி பண்ணணும், துணியை விரிக்கணும், வெட்டணும், பின் குத்தணும், அதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிடும், அந்த ஒரு மணி நேரம் முழுசா யாரும் கூப்பிடாம வீட்டுல எப்போ கிடைக்கும்? அதனாலதான் என்கிட்ட பாதியில நிக்கிற பின்னல் ஒண்ணு ரெண்டுன்னா, வெட்டிப் போட்டுத் தைக்காத துணி பத்து. இன்னொண்ணும் இருக்கு. வீட்டுல மெஷின் இருந்தா ஊருக்கே ஆல்டரேஷன் நம்மதான். "ஏங்கண்ணு, இந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் பிரிச்சு விட்டுடு, ரெண்டு நிமிஷ வேலைதான்"னு அத்தை கொண்டு வருவாங்க, நாத்தனார் சேலைக்கு ஃபால்ஸ், பக்கத்து வீட்டு அக்கா நைட்டி. ரெண்டு நிமிஷ வேலைன்னு ஒண்ணு தையல்ல கிடையவே கிடையாது, நூல் கலர் மாத்தி அடிநூலுக்குப் பாபின் சுத்தவே அஞ்சு நிமிஷம்.

அதனால சேலைப் போர்வையைக் கைத்தையலாவே போடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது: அஞ்சரை மீட்டர் சேலைன்னா 18 அடி, மூணா மடிச்சா 6 அடி நீளம், சேலை அகலமே போர்வை அகலம், 46 இஞ்ச். எங்கயும் வெட்ட வேண்டாம், ஒட்டுப் போட வேண்டாம், ஒரு சேலைக்கு மூணு அடுக்குல ஒரு ஆள் போர்வை. சேலை என்னமோ இதுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி. எங்க பாட்டி காலத்துல பழஞ்சேலையெல்லாம் இப்படித்தான் விரிப்பா மாறும், யாரும் அதை ஹாபின்னு சொன்னதில்ல.

கிணத்துக் கயிறு மாதிரி நீளமா நூல் கோர்த்துக்காதீங்க, ஒரு முழம் போதும், இல்லைன்னா முடிச்சு விழுந்துகிட்டே இருக்கும். ரெண்டு இஞ்சுக்கு ஒரு கோடு, ஓட்டுத் தையல், மொத்தம் 22 கோடு. ஒரு கோட்டுக்கு 25 நிமிஷம். சுங்குடியில முடிச்சுப் புள்ளிகள் வரிசையா இருக்கிறதால சாக்பீஸ் கோடு கூடப் போடல, புள்ளியைப் பிடிச்சுகிட்டே போனேன். அப்படிப் போகும்போது தோடர் அக்காங்க எம்பிராய்டரி போடுறது ஞாபகம் வந்துச்சு, துணியில எதுவும் வரைஞ்சுக்காம இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமா போட்டுட்டுப் போவாங்க, 2013-ல புவிசார் குறியீடு கூட வாங்கின வேலை அது. எனக்குப் புள்ளி இருந்தும் ஏழாவது கோடு கோணலாப் போச்சு. விட்டுட்டேன், அது இருக்கட்டும்.

தீபாவளிக்குக் கோபி போனப்போ பின்னலையும் பாதி தைச்ச சேலையையும் எடுத்துட்டுப் போனேன். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அதுல குனிஞ்சு நிட்டிங் ஊசியைப் பார்த்தா என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல. மூணாவது வளைவுலயே வயித்தைப் புரட்டிடுச்சு. எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டு கண்ணை மூடி உட்கார்ந்துட்டேன், ஒரு கண்ணி வேற நழுவி நாலு வரிசை கீழ இறங்கிடுச்சு, அம்மா வீட்டுக்குப் போய் குரோஷா கொக்கி ஊசியால ஏணி ஏத்துற மாதிரி ஒவ்வொண்ணா தூக்கினேன். அம்மா பக்கத்துல உட்கார்ந்து சேலையைத் தடவிப் பார்த்துட்டு, "இது உன் தம்பி காது குத்துக்கு எடுத்ததுடி"ன்னாங்க. அதைக் கேட்டதுக்கு அப்புறம் அந்த முந்தானைப் பக்கம் ஊசி குத்தவே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

மூட்டுற வேலைதான் எல்லாத்துலயும் மோசம். பின்னி முடிச்சதும் ஸ்வெட்டர் முடிஞ்சுதுன்னு வீட்டுல எல்லாரும் நினைச்சுக்குவாங்க. தோள் மூட்டணும், கை பொருத்தணும், பக்கம் தைக்கணும், அப்புறம் தொங்குற நூல் முனைங்க, எண்ணினேன், 23. மெரூன் மாதிரி அடர்ந்த கலரை ராத்திரி டியூப் லைட்ல மூட்டவே கூடாது, கண்ணியே தெரியாது. காலைல பத்தரைக்கு ஜன்னல் ஓரம் கொஞ்சம் வெளிச்சம் வரும், மழை இல்லாத நாள்ல. அப்படி நாலு காலை.

கழுத்துப் பார்டர் போட்டு, கடைசி வரிசைக் கண்ணியெல்லாம் அவிழாம அடைச்சு, ஞாயித்துக்கிழமை பையனைக் கூப்பிட்டுப் போட்டு விட்டா தலை நுழையல. நெத்தி வரைக்கும் வந்து காதுல மாட்டிகிட்டு, உள்ள இருந்து "அம்மா மூச்சு முட்டுது"ன்னு கத்துறான். அடைக்கும்போது இறுக்கிட்டேன், மறுபடியும் அதே கை. அன்னிக்கு ராத்திரியே அந்த ஒரு வரிசையை மட்டும் பிரிச்சு, 8-ஐ விடத் தடியான 7-ம் நம்பர் ஊசியில தளர்வா அடைச்சேன். திங்கள் காலைல சட்டுன்னு நுழைஞ்சுடுச்சு. கண்ணாடியில பார்த்தான், கையைத் தூக்கிப் பார்த்தான், "குத்தலம்மா"ன்னான். ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போகட்டுமான்னு கேட்டப்போதான் உறைச்சது, அங்க நேவி ப்ளூ மட்டும்தான் அலவ்டு. ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது இது எனக்குத் தோணியிருக்கலாம். இப்போ சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மைக் கழட்டிட்டு இதை மாட்டிக்கிறான், தூங்கும்போதும் கழட்ட மாட்டேங்கறான். அதுல இன்னும் லேசா பெருங்காய வாசம் இருக்கு.

போர்வைக்கு 22 கோடும் முடிஞ்சு, சுத்தி ஓரப்பட்டி மட்டும் மெஷின்ல அடிக்கணும்னு உட்கார்ந்தேன், 6 மீட்டர் பட்டி. முதல் நாள் பெல்ட் வழுக்கிகிட்டே இருந்துச்சு, தோல் பெல்ட், நீண்டு போச்சு, கொக்கியைக் கழட்டி அரை இஞ்ச் நறுக்கி மாட்டினதும் சரியாச்சு. மூலையில மடிப்பு மேல மடிப்பு வந்து கனமா இருந்ததால 14-ம் நம்பர் ஊசி டப்புன்னு உடைஞ்சுது, அதை விடத் தடியா 16 போட்டேன், மூலையில மட்டும் மிதியில இருந்து காலை எடுத்துட்டு சக்கரத்தைக் கையால சுத்தினேன். மூணு பக்கம் முடிஞ்சுது. நாலாவது பக்கம் பாதியில நிக்குது, ஏன்னா நாளைக்கு ஒரு வளைகாப்பு, அத்தை ஜாக்கெட்டோட வந்து நிக்கிறாங்க, ரெண்டு நிமிஷ வேலையாம்.