சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மூக்கைக் கழுவ வேண்டும்

"சைனஸ் ஆபரேஷன் செஞ்சாலும் திரும்ப வந்துரும், எதுக்கு வீண் செலவு?" என்ற பேச்சை மதுரைப் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. திருமங்கலத்தில் இருக்கும் என் மதினியும் இதையே சொல்லி, நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதிலும் மருந்துக் கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்திலும் பல ஆண்டுகளை ஓட்டிவிட்டார். ஆவி பிடித்தால் சற்று நேரம் மூச்சு விடுவது எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால், அடைப்பை உடனே திறக்கும் அந்தச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டால், அந்த மருந்தாலேயே அடைப்பு கூடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாசனையே தெரியாமல் போயிருக்கிறது என்பது, அடுப்பில் பால் தீய்ந்து புகை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "கருவாடு வறுத்தாக்கூட வாசம் தெரியல தம்பி" என்றார்.

அடைப்பு, சளி, முகத்தில் பாரம், வாசனை தெரியாமை ஆகியவை 12 வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. மதினிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் மூக்கினுள் சதை வளர்ந்திருப்பது தெரிந்தது. உடனே உறவினர்கள் கண் போய்விடும், மூளையில் பட்டுவிடும் என்று பயமுறுத்தினார்கள். மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளான சைனஸ் அறைகளுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான் இருப்பதால் அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், ஸ்கேனைப் பார்த்துத் திட்டமிட்டு, எண்டோஸ்கோப் எனும் உள்நோக்குக் குழாயை மூக்குத் துவாரத்தின் வழியாகச் செலுத்திச் செய்யும் இன்றைய முறையில் அத்தகைய பெரிய பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. மேலுதட்டுக்கு உள்ளே ஈறைக் கீறிச் செய்த பழைய முறையைப் பற்றிய கதைகளைத்தான் பெரியவர்கள் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் செலவுக் கணக்கைச் சொன்னார்களே தவிர, அறுவை சிகிச்சை எதற்கு என்பதைச் சொல்லவில்லை. குடல்வாலை வெட்டி எடுப்பதைப் போல இது ஒரே நாளில் தீர்ந்துவிடும் விஷயம் அல்ல. சைனஸ் அறைகளின் அடைபட்ட வாய்களை அகலப்படுத்தி, சளி வடியவும் மருந்து உள்ளே சேரவும் வழி செய்கிறார்கள். ஆனால், உள்ளே இருக்கும் சவ்வு வீங்கும் இயல்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்குச் சதை மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான், திரும்ப வந்தவுடன் ஏமாற்றிவிட்டார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்ட மதினி இப்போதும் கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் உப்புப் பொடியைக் கலந்து, வாயைத் திறந்தபடி தொட்டியின் மேல் குனிந்து, ஒரு துவாரத்தில் நீரைப் பீய்ச்சி மறு துவாரத்தின் வழியே வெளியேற்றுகிறார். முதல் வாரங்களில் இரத்தம் கலந்த பொருக்குகள் வந்தபோது மிகவும் பயந்தார். மூக்கில் அடிக்கக் கொடுத்த ஸ்பிரே 'ஸ்டீராய்டு' மருந்து என்று கேட்டதும் அதை நிறுத்தப் பார்த்தார். மூக்கில் அடிப்பது உடம்பில் மிகக் குறைவாகவே சேரும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே தொடர்ந்தார். வாசனை ஓரளவு திரும்பியிருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன்பே, ஸ்கேனில் என்ன தெரிகிறது, சதை மறுபடி வளருமா, எவ்வளவு காலம் கழுவ வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். துணைக்குப் போகிறவரும் உடனிருந்து கேட்டுக்கொள்ளட்டும்.