சோலர்கிளவுடில் கமிட் மந்தமானால் எங்கே பார்ப்பது: படித்தும் சோதித்தும் அறிந்த வழி

சோலர் என்ற தேடல் மென்பொருள் பல சர்வர்களில் பரவி இயங்கும் தொகுதியில் (சோலர்கிளவுட்), மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் ஒன்று நிமிடக்கணக்கில் நீள்கிறது, எங்கிருந்து ஆராயத் தொடங்குவீர்கள் என்பது தேடல் தொழில்நுட்பப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படும் கேள்வி. இதற்குத் தயாராகிறவர்கள் கான்ஃபிக் கோப்பின் அளவுருக்களை மனப்பாடம் செய்துகொண்டு, ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம்) கூட்டுவேன், கேஷை (தேடல் முடிவுகளின் தற்காலிகச் சேமிப்பு) குறைப்பேன் என்று பதில் சொல்வதைப் பார்க்கிறேன். எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், நேரம் கமிட்டின் எந்தப் பகுதியில் செலவாகிறது என்பதைப் பிரித்தறியப் பழகுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

கமிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை வட்டில் உறுதியாக எழுதுவது. மற்றொன்று, அந்த மாற்றங்கள் தேடலில் தெரியும்படி இண்டெக்ஸைப் (தேடல் அட்டவணை) படித்துத் தேடும் கூறான சர்ச்சர் ஒன்றைப் புதிதாகத் திறந்து, அதன் கேஷ்களை வார்ம் செய்து (முன்கூட்டியே நிரப்பி), பழையதன் இடத்தில் அமர்த்துவது. சாஃப்ட் கமிட்டில் வட்டில் உறுதிசெய்யும் வேலை இல்லை. சர்ச்சர் திறக்கும் வேலை மட்டும் உண்டு. வட்டில் உறுதிசெய்யும் ஹார்ட் கமிட்டில், சர்ச்சரைத் திறக்க வேண்டாம் என்று (ஓப்பன்சர்ச்சர் ஃபால்ஸ்) கொடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

இந்த வேறுபாட்டையே சோதனைக் கருவியாக்கிக்கொள்ளலாம். சோலருடன் வரும் கிளவுட் எடுத்துக்காட்டு ஒரே கணினியில் 8983, 7574 ஆகிய போர்ட்டுகளில் இரண்டு நோடுகளை (சோலர் சர்வர்களை) இயக்கும். படிப்பதற்கு அதுவே போதும். ஒவ்வொரு முறையும் சில ஆவணங்களைச் சேர்த்துவிட்டு, முதலில் சாஃப்ட் கமிட், அடுத்து சர்ச்சரைத் திறக்காத ஹார்ட் கமிட், பின்பு இரு வேலைகளும் சேர்ந்த முழுக் கமிட் என்று தனித்தனியே அனுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணம் சேர்க்காமல் கமிட் செய்தால், புதிய மாற்றங்கள் இல்லை என்று சோலர் எழுதும் வேலையைத் தவிர்த்துவிடும். அப்போது கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. சாஃப்ட் கமிட்டே நீண்டால் சிக்கல் சர்ச்சர் பக்கம் இருக்கிறது. அது விரைவாக முடிந்து ஹார்ட் கமிட் மட்டும் நீண்டால் வட்டின் பக்கம் இருக்கிறது.

பரவல் அமைப்பில் இன்னொரு கூறும் சேர்கிறது. எந்த நோடுக்குக் கமிட் அனுப்பினாலும் அது எல்லா ஷார்டுகளின் (இண்டெக்ஸின் பகுதிகள்) ரெப்ளிகாக்களுக்கும் (அப்பகுதிகளின் நகல்கள்) பகிரப்படுகிறது. இயல்பான அமைப்பில் அனுப்பியவர் புதிய சர்ச்சர் அமரும்வரை காத்திருக்கிறார். ஆகவே, ஒன்பது ரெப்ளிகாக்கள் ஒரு விநாடியில் முடித்து, பத்தாவது நாற்பது விநாடி எடுத்தால், அனுப்பியவருக்குத் தெரிவது நாற்பது விநாடிதான். சராசரியைப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நோடின் லாகையும் எடுத்து, கமிட் தொடங்கிய வரிக்கும் புதிய சர்ச்சர் பதிவான வரிக்கும் உள்ள இடைவெளியை ஷார்டு வாரியாக ஒப்பிடுங்கள். அவ்வரிகள் தென்படவில்லை என்றால், நிர்வாகத் திரையின் லாகிங் பக்கத்தில் சர்வரை நிறுத்தாமலே லாக் அளவை மாற்றலாம். எல்லா ரெப்ளிகாக்களும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால் அது பெரும்பாலும் கான்ஃபிக் சிக்கல். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த இயந்திரத்தின் சிக்கல்.

என் கணிப்பில் மிக அதிகமாகப் படிக்க வேண்டிய பகுதி வார்மிங். தேடலைச் சுருக்கும் ஃபில்டர்களின் முடிவுகளை வைத்திருக்கும் ஃபில்டர் கேஷின் ஆட்டோவார்ம்கவுண்ட் 256 என்றிருந்தால், பழைய கேஷிலிருந்து அத்தனை ஃபில்டர்கள் வரை புதிய சர்ச்சரில் மீண்டும் இயக்கப்படுகின்றன. கனமான ஃபில்டர்கள் இருக்குமிடத்தில் இதுவே பல விநாடிகளைத் தின்றுவிடும். நிர்வாகத் திரையில் ஒவ்வொரு கேஷுக்கும் வார்ம்அப் நேரம் மில்லிவிநாடியில் காட்டப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு எண்ணைக் குறையுங்கள். புதிய சர்ச்சர் திறக்கும்போது இயங்கும் நியூசர்ச்சர் லிசனரில் யாரோ எப்போதோ எழுதிவைத்த வினவல்களையும் படித்துப் பாருங்கள். டாக்வேல்யூஸ் (வரிசைப்படுத்துவதற்கு ஏற்றபடி முன்பே வட்டில் சேமித்த மதிப்புகள்) இல்லாத புலத்தில் வரிசைப்படுத்தும் வினவல் அங்கே இருந்தால், தேவையான தரவு அமைப்பை நினைவகத்தில் புதிதாகக் கட்டும் செலவு கமிட்டின் தலையில் விழும். இவை இரண்டையும்விட எளிதில் கண்ணில் படாதது தேடல் சொற்களைப் பரிந்துரைக்கும் சஜெஸ்டரின் பில்ட்ஆன்கமிட் அமைப்பு: அது ட்ரூ என்றிருந்தால் ஒவ்வொரு கமிட்டிலும் பரிந்துரை அகராதி முழுவதும் மறுபடி கட்டப்படுகிறது. பெரிய இண்டெக்ஸில் அதை அணைத்துவிட்டு, நாளுக்கு ஒருமுறை தனியே கட்டச் செய்வதே சரி.

வட்டின் பக்கம் சிக்கல் என்றால், செக்மெண்ட் மெர்ஜும் (இண்டெக்ஸின் சிறு துண்டுகளை ஒன்றாக்குவது) கமிட்டும் ஒரே நேரத்தில் வட்டுக்குப் போட்டியிடுகின்றனவா, யாராவது கமிட்டுடன் ஆப்டிமைஸையும் (எல்லாத் துண்டுகளையும் கட்டாயமாக ஒன்றாக்கும் கட்டளை) சேர்த்து அனுப்புகிறார்களா என்று பாருங்கள். ஹீப்பை அளவுக்கு மீறிக் கூட்டினால் வட்டுக் கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இயங்குதளத்தின் பேஜ் கேஷுக்கு இடம் இல்லாமல் போகும். கமிட் நீளும்போதே சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று த்ரெட் டம்ப்கள் (ஒவ்வொரு த்ரெடும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்ற பதிவுகள்) எடுத்துவைத்தால், கமிட் த்ரெட் கேஷ் வார்மிங்கில் நிற்கிறதா, வட்டு எழுத்தில் நிற்கிறதா, வேறொரு சர்ச்சருக்காகக் காத்திருக்கிறதா என்பது நேரடியாகத் தெரிந்துவிடும்.

கடைசியாகச் சொன்ன காத்திருப்பைத் தனியாகக் கவனியுங்கள். ஒரு சர்ச்சர் வார்ம் ஆகி முடிவதற்குள் அடுத்த கமிட் வந்து, ஒரே நேரத்தில் வார்ம் ஆகக்கூடிய சர்ச்சர்களின் எண்ணிக்கைக்கான மேக்ஸ்வார்மிங்சர்ச்சர்ஸ் வரம்பு நிறைந்தால், பழைய சோலர் பதிப்புகள் பிழையைக் காட்டின; இப்போதைய பதிப்புகள் அந்தக் கமிட்டைக் காக்க வைக்கின்றன. எனவே பழைய கட்டுரைகளில் பிழைச் செய்தியாக விவரிக்கப்படுவது, இன்று வெறும் மந்தமாகவே உங்களுக்குத் தெரியும். இதன் மூலகாரணம் பெரும்பாலும் ஒவ்வொரு ஆவணத் தொகுப்புக்குப் பின்னும் தாமே கமிட் அனுப்பும் கிளையண்ட் நிரல்கள்தான். அவற்றை நிறுத்தி, சோலரின் மாதிரிக் கான்ஃபிக்கில் உள்ளபடி 15 விநாடிக்கு ஒருமுறை சர்ச்சரைத் திறக்காத ஆட்டோகமிட்டை (சோலரே தானாகச் செய்யும் ஹார்ட் கமிட்) வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட் கமிட்டின் இடைவெளியை மட்டும் நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். புதிய ஆவணம் எத்தனை விநாடிக்குள் தேடலில் தெரிய வேண்டும் என்று அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு நிமிடம் பொறுக்கலாம் என்று அவர்கள் சொன்னால் 60 விநாடியே வையுங்கள்.